பன்னிரண்டு கட்டில்களுக்குக் கெட்டி ஃபோம்

“கைய உள்ள வுடுங்க பாய்,” என்றாள் நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி.

ஜமால் முகமது தயங்கினார். கட்டிலில் கிடந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். அவளுடைய கணவன் சின்னராசு தலைமாட்டில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவங்க மேல கை படாது. மெத்தைக்குக் கீழ, பலகைக்கு மேல. இடுப்புக்கு நேரா வுட்டுப் பாருங்க.”

அவர் குனிந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி மெத்தைக்கு அடியில் கையை நுழைத்தார். முழங்கை வரை போனதும் கை நின்றது. அந்தப் பெண்ணின் வால் எலும்பு அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஆறு அங்குல ஃபோம் இருக்க வேண்டும். இருந்தது நாலாய் மடித்த துணியின் கனம்தான்.

“இது நான் குடுத்த மெத்தைதானா சிஸ்டர்?”

“நீங்க குடுத்ததுதான். போன வருசம்.”

அது 1987 ஆகஸ்ட். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டியவர்களுக்கென்று அங்கே பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டு ஒன்று இருந்தது. அந்தப் பன்னிரண்டுக்கும் மெத்தை கொடுத்தவர் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்த ஜமால் முகமது. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத மனிதர். ஃபோம் என்ற பொருள் கடைக்கு வந்த நாளிலிருந்து அதன் மேல் அவருக்குத் தனி ஆசை. தூசி இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை, கட்டி தட்டாது. “தேங்காநார் மெத்தையில படுத்தா நோயாளிக்கு முதுகு போயிடும் டாக்டரே. இது பூ மேல படுத்தாப்பல இருக்கும்” என்று பேசி, பழைய நார் மெத்தைகளைத் தூக்கிப் போடவைத்ததும் அவரேதான்.

கட்டிலில் கிடந்தவள் பூமாலை. வெள்ளிமலைப் பக்கத்துக்காரி. பலாமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஜூலையில் ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். முறிந்த காலில் எடை கட்டிக் கட்டில் முனையில் தொங்கவிட்டிருந்தது. மற்ற நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கலாம். பூமாலையைப் புரட்ட முடியாது. மல்லாந்தபடியே கிடந்ததில் வால் எலும்பின் மேல் தோல் கறுத்து, வெடித்து, புண்ணாகிவிட்டது. முதலில் எட்டணாக் காசு அளவு. இப்போது உள்ளங்கை அளவு.

“இன்னும் ரெண்டு பேருக்கு ஆரம்பிச்சிருக்கு பாய். நான் மருந்து வெச்சிக்கினேதான் இருக்கேன். பலக மேல படுத்தாப்பல கெடந்தா எங்க ஆறும்?” செந்தமிழ்ச்செல்வி கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

பூமாலை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். “பாய், இது மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நாளு போனதும் குழியில வுழுந்தாப்பல ஆயிடுச்சு,” என்றாள். அவருக்கு ஆறுதல் சொல்வது போலிருந்தது அது.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி ரோஷன் பீவி சோறு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னார்.

ரோஷன் பீவி கடைக்கு உறை தைப்பவள். கணவனைவிடக் கணக்காகப் பேசுவாள். “அப்ப மெத்த தடியா இருந்தா போதாதா?” என்றாள்.

“போதாதுன்னுதான் தெரியுது. ஆறு அங்குலம் இருந்தும் எலும்பு தட்டுது.”

“அப்ப எது தாங்கும்னு நாமளே பாத்துடுவோம். ஒரு பலகைய போடுங்க.”

மறுநாள் காலை கடையிலிருந்து மூன்று வகை ஃபோம் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் கட்டிலின் மேல் மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் முதல் துண்டை, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அதே மெத்துமெத்து ஃபோமை, விரித்தார். ரோஷன் பீவி கனத்த உடம்புக்காரி. மல்லாந்து படுத்தாள். ஜமால் முகமது தரையில் மண்டியிட்டு அடியில் கையை விட்டார்.

“இன்னா?”

“தட்டுது.”

“கதவ சாத்துங்க. பக்கத்து வூட்டு ஹப்சா பாத்தா நமக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு தெரு முழுக்க சொல்லிடும்.”

கதவைச் சாத்திவிட்டு இரண்டாவதைப் போட்டார். அது தூள் ஃபோமை அழுத்தி ஒட்டிச் செய்த கட்டி. கை தட்டவில்லை. கையை வைக்கவே இடமில்லாதபடி விறைப்பாக இருந்தது. நல்லது என்று நினைத்தார். அரை மணி நேரம் கழித்து ரோஷன் பீவி எழுந்தபோது, “இடுப்பு ரெண்டும் மரத்துப் போச்சுங்க. இதுக்கு அந்தப் பலகையே தேவல,” என்றாள்.

மூன்றாவது துண்டு, ஒருமுறை சோபாவுக்காக வாங்கி மிச்சப்பட்டது. நான்கு அங்குலம்தான். தூக்கும்போதே கனமாக இருந்தது. அவள் படுத்ததும் மெதுவாக உள்வாங்கி, ஒரு இடத்தில் நின்றுகொண்டது. கையை விட்டால் மேலே இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் ஃபோம் இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்போதும் அப்படியே.

அவர் முதல் துண்டையும் மூன்றாவதையும் கடைத் தராசில் போட்டுப் பார்த்தார். கட்டில் அளவுக்குக் கணக்குப் போட்டால், நான்கு அங்குலத்தில் மெத்துமெத்து ஃபோம் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். இந்தக் கெட்டி ஃபோம் ஏறக்குறைய ஏழு கிலோ. இருபது வருஷமாக விரலால் அமுக்கிப் பார்த்தே சரக்கு எடுத்திருக்கிறார். விரலுக்கு இதமாக இருப்பது வேறு, ஒரு உடம்பை இரவும் பகலும் தாங்குவது வேறு என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

நாலு நாள் இதே வேலையாக இருந்தார்கள். கெட்டி ஃபோமை அடியில் போட்டு, அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் மிருதுவான தகடு ஒன்று வைத்தால் தோலுக்கு இதம் என்று கண்டுபிடித்தார்கள். ஈரம் இறங்காமல் இருக்க ரெக்சின் உறை வேண்டும். ஜமால் முகமது வழக்கம்போல சுருக்கமில்லாமல் இறுக்கமாக உறை போட்டுக் காட்டினார். ரோஷன் பீவி படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னாங்க இது, பறைய இழுத்துக் கட்டினாப்பல? ரெக்சின்தான் என்னத் தாங்குது. உள்ள இருக்கிற ஃபோமுக்கு வேலையே இல்ல.”

அவள் உறையைப் பிரித்து, இரண்டு அங்குலம் தளர்த்தித் தைத்தாள். அதற்கு மேல் நூல் துணி விரித்தால் வேர்வை பிடிக்காது என்றும் சொன்னாள். பார்ப்பதற்கு அந்த மெத்தை தொளதொளவென்று அழகில்லாமல் இருந்தது. படுத்தால் சரியாக இருந்தது.

மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் செந்தமிழ்ச்செல்வியிடம் காட்டினார். அவள் காலியாக இருந்த கட்டிலில் போட்டுத் தானே படுத்துப் பார்த்தாள். “பாய், மெத்த மட்டும் புண்ண ஆத்திடாது. ஆனா இது என் வேலைக்குக் குறுக்க வராது. பன்னெண்டு வேணும்,” என்றாள். பூமாலைக்கு அந்த மாதிரியைப் போட முடியவில்லை. அது பாதி அளவுத் துண்டு.

செப்டம்பர் நடுவில் அவர் சென்னைக்குப் போய், மொத்தக் கடையில் ஒவ்வொரு தகடாகத் தராசில் ஏற்றச் சொல்லிக் கெட்டி ஃபோமில் பன்னிரண்டைப் பொறுக்கினார். மேலே போடுகிற மெல்லிய தகடும் பன்னிரண்டு எடுத்தார். கடைக்காரர் சிரித்தார். “பாய், ஃபோமை எடை போட்டு வாங்கற ஆள இப்பதான் பாக்கறேன்.” சரக்கை லாரியில் ஏற்றிவிட்டு இவர் அன்றிரவே பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார்.

லாரி வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. தென்னார்க்காடு முழுக்க மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்ததாக ரேடியோவில் வந்தது. கள்ளக்குறிச்சியில் கடைகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்தன. மூன்றாம் நாள், தியாகதுருகத்தில் அரிசிக் கடை வைத்திருந்த மைத்துனர் சுஐப் எப்படியோ போன் பிடித்துப் பேசினார். ஃபோம் லாரி அங்கே ரோட்டோரம் நிற்கிறது, டிரைவர் ஒரு அடி நகர மாட்டேன் என்கிறார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து சின்னராசு வந்தான். வரப்பும் வாய்க்காலுமாக நடந்தே வந்திருந்தான். “பாய், அதுக்கு ஜுரம் கண்டுருச்சு. புண்ணுல சீ வெச்சிருக்குது. நர்சம்மா ஊசி போட்டுக்கினுதான் இருக்குது. மெத்த எப்ப வரும்னு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு.”

ஜமால் முகமது சைக்கிளை எடுத்தார். ரோஷன் பீவி வாசலில் மறித்தாள்.

“ஊரு இருக்கிற இருப்புல எங்க போறீங்க? மறியல் பண்றவங்க கோவமா இருக்காங்க. கையில அரிவாள் இருக்குது.”

“கோவம் என் மேல இல்லியே.”

“இருட்டுல அதெல்லாம் தெரியுமா?”

“அதான் வெளிச்சத்துலயே போறேன்.”

அவள் உள்ளே போய்ப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கேரியரில் வைத்துக் கட்டினாள். சின்னராசு பின்னால் ஏறிக்கொண்டான்.

தியாகதுருகம் போய்ச் சேருவதற்குள் நான்கு இடத்தில் மரம் கிடந்தது. நான்கு இடத்திலும் சைக்கிளைத் தூக்கித் தாண்டினார்கள். ஆட்கள் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெரிய புளியமரம். கோட்டை மலை தெரிகிற இடத்தில் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் லாரி. மரத்தின் மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் முகமது லாரியிலிருந்து ஒரு தகட்டை உருவி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது, நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து முன்னால் நின்றார். ஆதிமூலம் என்பது அவர் பெயர். அந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி.

“இன்னா பாய் இது?”

“ஆஸ்பத்திரிக்கு மெத்தைங்க.”

“எல்லாரும்தான் ஆஸ்பத்திரின்னு சொல்றாங்க. காலைல ஒருத்தன் சாராயக் கேன வெச்சிக்கினு ஆஸ்பத்திரின்னான்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் சிரிக்கவில்லை. “எங்காளுங்க செத்துக்கெடக்கறாங்க. இவரு யாவாரம் பண்ண வந்துட்டாரு,” என்றான். கூட்டம் நெருங்கியது. ஜமால் முகமது தலையிலிருந்த தகட்டை இறக்கிக் கீழே வைத்தார்.

“யாவாரம் போன வருசமே பண்ணிட்டேங்க,” என்றார். “தப்பான மெத்தைய குடுத்துட்டேன். பூ மாதிரின்னு சொல்லிக் குடுத்தேன். அதுல படுத்து இவரு சம்சாரத்துக்குப் புண்ணு வந்து, இப்ப ஜுரத்துல கெடக்குது. அதுக்கு மாத்துதான் இது. மரத்த நகத்துங்கன்னு நான் கேக்கல. லாரிய வுடுங்கன்னும் கேக்கல. இத தலையில தூக்கிக்கினு போவ வுடுங்க. பன்னெண்டு தடவ வரணும்னாலும் வரேன்.”

ஆதிமூலம் சின்னராசுவைப் பார்த்தார். சின்னராசு கும்பிட்ட கையோடு நின்றான். அவர் குனிந்து தகட்டைக் கையால் அமுக்கினார். பிறகு முழங்காலை வைத்து அழுத்தினார். அப்புறம் கேட்ட கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“படுக்கையில ஒண்ணுக்கு போனாலும் இது தாங்குமா?”

“மேல ரெக்சின் உறை வரும். ஏங்க?”

“எங்கண்ணன் ரெண்டு வருசமா கயித்துக் கட்டில்ல கெடக்கறாரு. பக்கவாதம்.” அவர் நிமிர்ந்தார். “எத்தினி இருக்குது?”

“பன்னெண்டு கெட்டி, பன்னெண்டு மெல்லிசு.”

ஆதிமூலம் மரத்தைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். “எறங்கி வாங்கடா. சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு ஆளுக்கு ஒண்ணு தூக்குங்க.”

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு எல்லாரும் வந்தார்கள். சிரிக்காதிருந்தவனும் வந்தான். சாய்ந்து கிடந்த புளியமரத்துக்கு மேலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு இருபத்துநான்கு தகடுகளும் தாண்டி வந்தன. இந்தப் பக்கம் ஆதிமூலத்தின் பங்காளி மாட்டு வண்டியோடு நின்றார். ரோட்டை விட்டுக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகிற வண்டிப் பாதையில் திருப்பினார்கள். பாதை ரோட்டைத் தொடுகிற இடங்களில் மறுபடி ஆட்கள், மறுபடி மரம். ஒவ்வொரு இடத்திலும் ஆதிமூலம் முன்னால் இறங்கிப் போய், “நம்ம சரக்குதான், ஆஸ்பத்திரிக்கு,” என்பார். ‘நம்ம சரக்கு’ என்று அவர் முதல் தடவை சொன்னபோது ஜமால் முகமது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அவ்வளவாக இல்லை.

பொழுது சாய்வதற்குள் கள்ளக்குறிச்சி வந்துவிட்டார்கள். உறைகள் தயாராக இருந்தன. ரோஷன் பீவி வண்டியைப் பார்த்ததும் கணவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் வேறொரு வண்டியில் கோமுகி ஆற்றோரமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செந்தமிழ்ச்செல்வியும் இரண்டு ஆயாக்களும் சின்னராசுவும் சேர்ந்து, காலில் எடை அசையாமல் பூமாலையை ஒரு சாண் தூக்கினார்கள். பழைய மெத்தையை உருவி, புதியதை நுழைத்து, அவளை இறக்கினார்கள். பூமாலை கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் தளர்ந்தது.

“எப்படிக்கீது?” என்று சின்னராசு கேட்டான்.

“பேசாத இரு. தூக்கம் வருது,” என்றாள்.

செந்தமிழ்ச்செல்வி அடியில் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு விலகி நின்று ஜமால் முகமதுவுக்கு இடம் விட்டாள். அவர் பார்த்தார். எலும்பு தட்டவில்லை. மற்ற பதினொரு கட்டிலிலும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது கட்டிலில் இருந்தவர் நல்ல பருமன், அங்கே மட்டும் இடம் கம்மியாக இருந்தது. அவருக்கு இன்னும் ஒரு அங்குலம் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். பழைய மெத்தைகளில் குழி விழாத ஓரங்களை வெட்டிச் சின்னத் தலையணைகளாகத் தைத்து, குதிகால் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே வைக்கக் கொடுத்தாள் ரோஷன் பீவி. அது அவளாக நினைத்துச் செய்தது.

ஒரே நாளில் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஜுரம் இறங்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் ஜமால் முகமது கடையில் உட்கார்ந்திருந்தாரே தவிர, வந்தவர்கள் கேட்டதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் வாரத்துக்கு இரண்டு முறை அடிவாரத்துக்குப் போனார். புண்ணைப் பார்க்கிற உரிமை அவருக்கில்லை. செந்தமிழ்ச்செல்வி வெளியே வந்து விரலால் அளவு காட்டுவாள். உள்ளங்கை அளவு, எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு. நவம்பரில் ஒரு நாள் வெறும் கையை விரித்துக் காட்டினாள். ஜமால் முகமதுவுக்குப் புரியவில்லை.

“இன்னா சிஸ்டர், மறுபடி பெருசாயிடுச்சா?”

“இல்ல பாய். ஒண்ணுமே இல்லன்றேன். மூடிக்கிச்சி.”

அவர் அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வாயிலிருந்த கிராம்பைக் கடித்து விழுங்கிவிட்டார். தொண்டை எரிந்தது. செந்தமிழ்ச்செல்வி தண்ணீர் எடுக்க ஓடினாள். ஓடும்போதே சிரித்தாள். வார்டில் வேறு யாருக்கும் அந்த இரண்டு மாதத்தில் புதுப்புண் வரவில்லை என்பதையும் தண்ணீர் கொடுக்கும்போது சொன்னாள்.

அதற்கிடையில் ஆதிமூலத்தின் அண்ணனுக்கும் ஒரு மெத்தை போயிற்று. கயிற்றுக் கட்டிலில் போட்டால் கட்டிலே தொய்ந்து ஃபோமும் தொய்யும் என்பதால், அடியில் பலகை ஒன்றையும் ஜமால் முகமதுவே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அங்கே அவருக்குக் கறிக்குழம்பு வைத்தார்கள். பேச்சுவாக்கில் ஆதிமூலம், தன் பெண்ணை நர்சிங் படிக்கவைக்க ஆசை என்றும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் ரோட்டில் உட்கார்ந்தது என்றும் சொன்னார்.

பூமாலையின் காலில் எடையை அவிழ்த்து, அவள் ஊன்றுகோலோடு நாலடி நடக்கப் பழகி, வெள்ளிமலைக்குத் திரும்பியது டிசம்பரில். வீட்டிலும் சில மாதம் படுக்கை அதிகம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஜமால் முகமது ஒரு மெத்தையை ஜீப்பில் ஏற்றித் தானும் கூடவே போனார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மெத்தை அவர் மேல் சாய்ந்தது. மேலே குளிர் நன்றாக இருந்தது. மூங்கில் தட்டி வீட்டில், சின்னராசு அடித்து வைத்திருந்த பலகைக் கட்டிலில் மெத்தையை விரித்துச் சரிபார்த்துக் கொடுத்தார். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். மலை இறங்கும்போது ஜீப்பில் ஏற்றியிருந்த கடுக்காய் மூட்டையில் சாய்ந்தவர், கள்ளக்குறிச்சியில் டிரைவர் தோளைத் தட்டும்வரை கண் திறக்கவில்லை.

வீட்டில் ரோஷன் பீவி காத்திருந்தாள்.

“இன்னா ஆச்சு? எப்படி இருக்குது அது?”

“உக்காந்துகினு திட்டுது.”

“யார? உங்களையா?”

“புருசனத்தான். ஆறு மாசம் கொல்லைய களை எடுக்காம வுட்டுட்டானாம். கோழி நாலு காணோமாம். நான் ஜீப்பு ஏறுற வரைக்கும் வுடல, சத்தம் ரோட்டுக்குக் கேக்குது.”

ரோஷன் பீவி வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே, “சோறு போடு, பசிக்குது,” என்றார்.